சாயம் கழுவிய சிப்பாய்கள்

மகன், இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் ஊரெல்லாம் வாசிக்கும் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். தனியாக அனுப்பினால் பாதியில் மூடிவிடுவாய். தொலைபேசியில் என்றால் "சரியப்பா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அதைவிட, நீ பொய் சொன்னது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். அதற்கான பதிலை நான் குசினிக்குள் வைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நீ அனுப்பிய குரல்செய்தியை அம்மா இரண்டு தரம் போட்டுக் காட்டினாள். "அம்மா, அந்தப் பத்து சோல்ஜர்மாரையும் கலியாண ஹோலில வைக்கப்போறன். கேக் மேசையில. நிரோஷிக்கும் சரியான விருப்பம். பிறகு மெல்பேர்னுக்குக் கொண்டு போயிடுவன். அப்பாட்ட அலுமாரித் திறப்பை வாங்கி வையுங்கோ." இவ்வளவுதான். அப்பாவிடம் கேள் என்று இல்லை, திறப்பை வாங்கு என்று. நீ இருக்கிற பாமன்கடையில் இருந்து நம் வெள்ளவத்தைக்கு நடந்தே வரலாம். இரண்டு வருடமாக நீ அந்தத் தூரத்தை நடக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் கோபமாக இருப்பது பெண் வீட்டார் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால்தான் என்று அவர்களுடைய வத்தளையில் சொல்லித் திரிகிறாயாம். எனக்கு மாதாவோடும் சண்டையில்லை, நிரோஷியோடும் சண்டையில்லை. எனக்குச் சண்டை உன்னோடு மட்டுந்தான், அதுவும் அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும். பெருவிரல் உயரம் உள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள். இனி வரப்போகும் எந்தக் காலத்திலோ, வேறு கிரகங்களில் சண்டை பிடிக்கிறவர்கள். கை வேறு, கால் வேறு, தலை வேறாகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். வெட்டி எடுத்து, பொருத்தி, வர்ணம் பூசி, மேசைமேல் இடிந்த கட்டடங்களையும் குன்றுகளையும் வைத்து, தாயக்கட்டை உருட்டி விளையாட வேண்டும். நீ ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற காலத்தில் ரொறன்ரோ மாமா முதல் பெட்டியை அனுப்பினார். நீ அன்று பின்னேரமே ஐந்து பேரை ஒட்டி முடித்து, கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாய். தோளுக்கும் கைக்கும் நடுவில் நகம் போகிற இடைவெளி. கழுத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. நான் என் மேசையில் இருந்த சின்ன ஈர்வாளை எடுத்து ஐந்து பேரையும் உன் கூட்டாளிமாருக்கு முன்னாலேயே அறுத்து, துண்டுகளைத் தட்டில் போட்டு, திரும்ப ஒட்டு என்றேன்.

இந்தக் கதையை நிரோஷிக்குச் சொல்லி அவளை அழவைத்தாயாம். சொல்வதானால் முழுவதும் சொல். அன்று நீ சாப்பிடவில்லை என்பதைச் சொன்னவன், அடுத்த மாதம் உன் ஒட்டு எப்படி இருந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரின் அறைக்குப் பின்னால் இருந்து முப்பது வருடம் பல் செட் செய்தவன். எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கழித்துப்போட்ட செட்டுகளை உடைத்துப் பார்த்துப் பழகினேன். ஒரு செட்டில் மயிரிழை பிசகினால் அதைப் போட்ட மனுசன் சோற்றுக்கு முன்னால் இருந்து அழுவான். பிசகைச் சின்னது என்று விடுகிற பழக்கம் எனக்கு இல்லை, என் பிள்ளை செய்தது என்பதற்காகவும் இல்லை. இன்று அந்த ஐந்து பேரும் முன்னால் இருந்தால் இன்றும் அறுப்பேன்.

உன்னைப் பழக்கப்போய்த்தான் எனக்கும் அதில் கை ஊறியது. பெட்டியில் வருகிறபடியே ஒட்டுவதில் எனக்கு ஒரு சுவையும் இல்லை. எல்லாரும் ஒரு காலைக் கல்லின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, துவக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எந்தச் சிப்பாய் அப்படி நின்றான்? நீங்கள் பொடியன்கள் கன்வேர்ட் பண்ணுவது என்று சொல்கிற வேலையை நான் தொடங்கினேன். இடுப்பில் அறுத்து உடம்பைத் திருப்புவது, தலைக்கவசத்தைக் கழற்றித் துணித்தொப்பி போடுவது, முழங்கையை மடிப்பது, வெட்டிய இடத்தைப் பல் முரசுக்குப் போடுகிற ரோசாநிற அக்ரிலிக்கால் நிரப்பிச் செதுக்குவது. அக்ரிலிக் பொடியைக் குழைக்கிற மருந்துத் தண்ணீர் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும், பிறகு கழலாது. நீ "அப்பா, இவனுக்குப் பெரிய துவக்குக் குடுங்கோ, அவனைப் பாயவிடுங்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் ஒருவனையும் பாயவிடவில்லை.

நான் செய்ய நினைத்தது காவல் நிற்கிறவர்களை. எந்தக் கிரகமாக இருந்தாலும் வாசலில் ஒருவன் நின்று உன் பெயர் என்ன, எங்கே போகிறாய் என்று கேட்பான். அவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு பின்னேரம், பள்ளிக்கூட உடுப்போடு உன்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக் காலி வீதியால் வந்தேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு பையைத் திறக்கச் சொன்னார்கள். பைக்குள் ஒரு நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய முழுச் செட், மேலும் கீழும். "மே மொனவத?" என்று கேட்டான். இதென்ன என்று. "தத், மாத்தயா," என்றேன். பல், ஐயா. அவன் மேல் செட்டை ஒரு கையிலும் கீழ்ச் செட்டை மறு கையிலும் எடுத்து, வாய் கதைப்பதுபோல் டக் டக் என்று அடித்து, பக்கத்தில் நின்றவனிடம் "மச்சாங், மேக பலங்கோ", இதைப் பாரடா, என்று காட்டினான். மற்றவன் சிரித்தான். இருவரும் உன்னைவிடப் பத்து வயதுதான் கூட இருப்பார்கள். பிறகு என் அடையாள அட்டையை அந்தப் பற்களால் கவ்விப் பிடித்து என்னிடம் நீட்டினான். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை, கீழேதான் பார்த்தேன். பாரத்தை ஒரு காலில் விட்டு, மற்றக் காலைச் சும்மா மடித்து, துவக்கு அவர்களுடையது இல்லாததுபோல் தொங்க, காலையில் இருந்து நின்று சலித்த நிலை. வெறுப்பில் செய்தார்கள் என்றாலும் நான் ஆறியிருப்பேன். அவர்கள் அலுப்பில் செய்தார்கள்.

வீடு வரும்வரை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீதியில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய், கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்.

அந்த நிலையைத்தான் பிறகு நான் பத்துப் பேரில் அறுத்து வைத்தேன். அந்த நேரம் என் இரண்டு கண்ணிலும் வெண்புரை இறங்கத் தொடங்கியிருந்தது. அறுப்பதும் செதுக்குவதும் விரலுக்குத் தெரிந்த வேலை, அதைச் சமாளித்தேன். வர்ணம் தீட்டக் கண் வேண்டும். அதனால் உன்னிடம் கொடுத்தேன். காவல் நின்று வெயிலில் வெளிறிய உடுப்பு, தூசி பிடித்த சப்பாத்து என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு செய்தாய்.

முதன்முதலாக அவர்களை விளையாடக் கொண்டுபோனது உன் கூட்டாளி ரிஸ்வான் வீட்டு மேல்மாடிக்கு. ரிஸ்வான் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், உங்கட ஆமிக்காரனுகள் எல்லாம் பாணந்துற பஸ்ஸுக்கு நிக்கிற மாரி நிக்கிறானுகள்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "சீட் கிடைச்சா சண்டைக்கு வருவானுகள் அங்கிள்," என்றான் பிறகும். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் தாயக்கட்டையை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். ரிஸ்வான் மட்டும் பின்னால் ஓடிவந்து, "அங்கிள், குறையாச் சொல்லல்ல. அப்பிடி நிக்கிறத நான் வேற எங்கயும் பார்த்ததில்ல," என்றான். நீ படிக்கட்டின் மேலேயே நின்றாய்.

பிறகு, இப்படிச் செய்து வர்ணம் பூசிய சிப்பாய்களுக்கு வைத்த அந்தப் போட்டி. உனக்கு முதலிடம். நான் மூன்றாவது வரிசையில் கையில் சோடாப் போத்தலோடு இருந்தேன், மேடை எனக்குப் புகைபோலத்தான் தெரிந்தது, காது நன்றாகக் கேட்டது. நடுவர்களில் ஒருவர் ஆமியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பத்துப் பேரையும் நெடுநேரம் பார்த்தாராம். மைக்கில் உன்னைக் கேட்டார், நீ ஆமியில் இருந்திருக்கிறாயா என்று. இல்லை சேர் என்றாய். அப்படியானால் இந்த நிலை எங்கேயிருந்து கிடைத்தது என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டு, முதலில் இங்கிலீஷிலும் பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாய்: "சும்மா மனசில வந்தது. கற்பனைதான்." யார் செய்தது என்ற கேள்விக்கும் பதில் உன் பெயர்தான். கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "உங்கட மகனா? கெட்டிக்காரன்" என்றார். நான் ஓம் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "ஆர் செய்தது?"

"அப்பா, ஆக்கள் இருக்கினம். மெல்லக் கதையுங்கோ."

"ஆர் செய்தது எண்டு கேட்டனான்."

"நீங்கதான் செய்தனீங்க, நான்தான் பெயின்ட் பண்ணினனான். அத அங்க வைச்சு விளங்கப்படுத்த ஏலுமா? எங்க இருந்து எடுத்தது எண்டா, செக்பொயின்ற் கதை சொல்லவேணும். கேட்டது ஆரெண்டு பாத்தனீங்களா? எனக்கு நாளைக்கு இந்த ஊரில வேலைக்குப் போகவேணும் அப்பா."

"பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லு. கற்பனை எண்டு சொல்லாத."

"சரி, பயந்தாங்கொள்ளி. நீங்க அண்டைக்கு என்ன செய்தனீங்க? ரெண்டு கையாலயும் வாங்கினீங்கதானே?"

வெள்ளவத்தைச் சந்தியில் இறங்கியபோது நான் உன்னை அடித்தேன். மார்க்கெட் சனம் பார்த்தது. நான் இரண்டு கையாலும் வாங்கியதை நீ எப்படி அறிந்தாய் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று எண்ணினேன். அடித்த கைக்கு இன்றும் வருத்தமில்லை. அன்றிரவே பத்துப் பேரையும் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே நீ பாமன்கடைக்குப் போனாய். பிறகு எனக்கு இரண்டு கண்ணும் வெட்டி வில்லை வைத்தார்கள். எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. அந்த அலுமாரியை மட்டும் நான் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குத் துணி போட்டிருந்தேன்.

இந்தக் குரல்செய்தி வந்த அன்று திறந்தேன். பத்துப் பேரையும் எடுத்து, ஒருவனையும் பார்க்காமல், பெரிய ஜாம் போத்தலுக்குள் போட்டு, மூழ்கும்வரை டெட்டோல் ஊற்றினேன். டெட்டோல் வர்ணத்தைக் கழற்றும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. உனக்கு நான்தான் அதைக் காட்டித்தந்தேன். அம்மா மணத்துக்கு ஓடிவந்தாள்.

"என்னப்பா செய்யிறீங்க? வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது!"

"அவன்ட கற்பனையைக் கழுவுறன்."

"பிள்ளை நாலு மாசம் கண்முழிச்சுச் செய்தது. ஒருக்காலாவது நல்ல கண்ணால பாத்தீங்களா?"

"தேவையில்ல."

"அந்தக் கழுத்துப் பக்கத்தில வேர்வை காய்ஞ்ச உப்பைக்கூட வெள்ளையாத் தீட்டியிருந்தான். நான் ஒவ்வொரு நாளும் துணியை விலக்கிப் பாக்கிறனான். அதுதான் எனக்கு இங்க அவன் இருந்த மாதிரி." பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனுசரே இல்ல," என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நீ மகிழ்ந்துகொள்.

அடுத்த நாள் பழைய பல்துலக்கியால் ஒவ்வொருவனாகத் தேய்த்தேன். வர்ணம் சேறாக வழிந்தது. பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் வந்தது, என் ரோசா வந்தது. நான் எதிர்பாராத இன்னொரு நிறமும் வந்தது. பச்சை. நீலமும் மஞ்சளும் பிசைந்தால் பச்சையாகிக் கல்லாகிற, நீ வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிற அந்தப் பசை. முதலில் ஒருவனில் மட்டும் என்று நினைத்தேன். பத்துப் பேரிலும், இடுப்பிலும் கீழ்க்காலிலும் பச்சை வரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் ரோசாவை நீ திரும்ப அறுத்திருக்கிறாய். அறுத்து, இடுப்பைச் சரித்து, பாரத்தை ஒரு காலில் இறக்கி, பச்சையால் நிரப்பி, ஒரு பிசகு தெரியாமல் இழைத்திருக்கிறாய். என்னுடைய வெட்டு இருந்த கோணம் தெரிகிறது. கண் மங்கிய காலத்தில் நான் உன்னிடம் தந்தவர்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்து நின்றவர்கள். ரிஸ்வான் சிரித்ததும், அந்த நடுவர் நெடுநேரம் பார்த்ததும் உன் பச்சையை.

என் வேலையில் கைவைக்க உனக்கு யார் உத்தரவு தந்தது? பிழை என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும். நான் உன் ஐந்து பேரை உனக்கு முன்னால் வைத்து அறுத்தேன். நீ என் பத்துப் பேரைக் கதவைப் பூட்டிக்கொண்டு அறுத்தாய். இதில் யார் கொடியவன் என்று நிரோஷியைக் கேள். கண் தெரியாதவனுக்கு மனம் நோகக்கூடாது என்று செய்தேன் என்பாய். அப்படிப்பட்ட இரக்கத்தை வீட்டில் வளர்க்காதே. நாளைக்கு அவள் வைக்கிற கறியில் உப்புக் குறைந்தால் அவளுக்குத் தெரியாமல் எழும்பிப் போய்ப் போடுவாய், சாப்பிட்டுவிட்டு நல்ல கறி என்பாய், அவள் சாகும்வரை தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதைவிடத் தட்டைத் தள்ளிவிடு.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஒன்பது பேரைத் தேய்த்து முடித்துப் பத்தாவது ஆளை எடுத்தேன். அவனுக்கு நான் இரண்டு கையையும் துவக்கில் வைத்திருந்தேன். நீ இடது கையை முழங்கையில் வெட்டி, பச்சையால் புதிதாக ஒரு கை செய்து, அதன் பெருவிரலை இடுப்புப் பட்டிக்குள் கொளுவி வைத்திருக்கிறாய். தலையை ஒரு பக்கம் சரித்து, வாயைக் கொஞ்சம் திறந்திருக்கிறாய், சிரிக்கப் போகிறவன்போல. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். பற்களைக் காட்டியபோது சிரித்த அந்த இரண்டாவது ஆள் அப்படித்தான் நின்றான், பெருவிரல் பட்டிக்குள். நான் மறந்திருந்தேன். கீழே பார்த்துக்கொண்டு நின்றவனுக்குப் பட்டியும் விரலும் தெரிந்திருக்கிறது, இருபது வருடத்தில் அது எங்கேயோ போய்விட்டது. அந்தப் பெருவிரலைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவன் வாய் எப்படி இருந்தது என்பது எனக்கு ஒருநாளும் தெரியாது. முகத்தை நான் பார்க்கவில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

பத்து வயதில் அங்கே நின்று, எல்லாவற்றையும் பார்த்து, இருபது வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாய். மேடையில் நீ என்னை மறைத்தாய் என்றுதான் இவ்வளவு காலமும் கோபித்தேன். இப்போது அது பாதிக் கோபந்தான் என்று தெரிகிறது. நீ உன்னையும் மறைத்தாய். உன் அப்பனைப் பற்களால் நீட்டியதை வாங்கவைத்ததைப் பார்த்த பிள்ளை, அதை நான்கு மாதம் உட்கார்ந்து பச்சைப் பசையில் செய்த பிள்ளை, மைக்கைக் கொடுத்தால் சும்மா என்கிறான். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. கழுவியதற்கு வருந்துகிறேன் என்றும் எழுதமாட்டேன். கழுவாவிட்டால் நீ இதையும் மெல்பேர்னுக்குக் கொண்டுபோய், அங்கேயும் யாராவது கேட்க, அங்கேயும் கற்பனை என்றிருப்பாய்.

நீ கேட்ட பத்துப் பேரையும் தருகிறேன். நீ இதை வாசிக்கும்போது, வெள்ளிக்கிழமை பின்னேரமே ரிஸ்வான் கொண்டுபோய் நிரோஷியின் கையில் கொடுத்திருப்பான், உன் கையில் இல்லை. வர்ணம் இல்லாமல், சாம்பலும் ரோசாவும் பச்சையுமாக இருப்பார்கள். ஞாயிறு கல்யாணத்துக்குள் பூசிவிட உனக்கு நேரம் கிடையாது, அதைப் பார்த்துத்தான் நாள் குறித்தேன். நிரோஷிக்கு ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், கேக் மேசையில் அப்படியே வைக்கச் சொல்லி. அவள் வைப்பாள். உன்னைவிட அவளுக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

இந்தப் பத்திரிகை வருகிற காலை நீ மாப்பிள்ளைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருப்பாய். மண்டபத்துக்கு வருகிறவர்களில் கொஞ்சப் பேராவது இதை வாசித்துவிட்டுத்தான் வருவார்கள். யாராவது ஒருவர் மேசைக்குக் கிட்டப் போய், இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று உன்னைக் கேட்பார். நான் வருவேன். அந்த மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போடச் சொல். நீ சும்மா என்று தொடங்கினால், உன் கல்யாணம் என்று பார்க்கமாட்டேன், எழும்பி என் பாதியை நானே சொல்லிவிட்டுத் திரும்ப உட்காருவேன். முகத்தைப் பார்த்தவன் நீ. அந்தப் பாதிக்குச் சனம் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் உதவிக்கு வரமாட்டேன்.